தாய்மார் நோயும் ஊராட்சியின் கடமையும்

செங்கல்பட்டுச் சீமை ஏரிகளை நம்பி வாழும் நாடு. மதுராந்தகம் ஏரி முதல் ஊர்தோறும் உள்ள சிற்றேரி வரை, கரையைக் காப்போர் அறிந்த உண்மை ஒன்று உண்டு. பெரும்பாலும் கரை திடீரென உடைவதில்லை. முதலில் கசிவு தோன்றும். கசிவைக் கண்ட அன்றே மண் அணைத்தால் ஏரியும் பிழைக்கும், பயிரும் பிழைக்கும். கருவுற்ற தாய்க்கும் பாலூட்டும் தாய்க்கும் வரும் நோய்களுள் பல இத்தகையனவே.

மகப்பேறு இன்று மருத்துவமனையில் நடைபெறுகிறது. 2019–21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. 2018–20-இல் ஒரு லட்சம் பிறப்புகளுக்குத் தாய் மரணம் இந்திய அளவில் 97 ஆக இருக்க, தமிழ்நாட்டில் 54 ஆக இருந்தது. இது பெருமைக்குரியது. ஆயினும் தாய் மருத்துவமனையில் தங்குவது சில நாட்களே. கருவைச் சுமக்கும் மாதங்களும், பாலூட்டும் மாதங்களும் வீட்டில்தான் கழிகின்றன. நோயின் முதற்குறி தோன்றுவதும் வீட்டில்தான். அதைக் காணும் கண் வீட்டாருக்கும் ஊராருக்கும் வேண்டும்.

இரத்தச்சோகை

இவற்றுள் மிகப் பரவலானது இரத்தச்சோகை. மேற்கூறிய ஆய்வில் இந்தியக் கர்ப்பிணிகளுள் பாதிப்பேருக்கு மேல் இக்குறை காணப்பட்டது. கர்ப்பிணியின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் சோகை. 7-க்குக் குறைந்தால் கடும் சோகை. சிறு வேலைக்கே மூச்சு வாங்குதல், இமையின் உட்புறமும் நாக்கும் வெளுத்தல், மண்ணையோ சாம்பலையோ தின்ன விரும்புதல் ஆகியன இதன் குறிகள். நல்ல உடலுள்ள தாய் தாங்கக்கூடிய இரத்தப்போக்கு, சோகையுள்ள தாயின் உயிரைப் பறிக்கும்.

இதன் காரணத்தைத் தேடிய வரலாற்றில் நம் நாட்டுக்கும் இடமுண்டு. லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் 1928-இல் பம்பாய்க்கு வந்து, ஆலைத் தொழிலாளரான கர்ப்பிணிகளின் சோகையை ஆராய்ந்தார். 1931-இல் சென்னை கோஷா மருத்துவமனையிலும் பணிபுரிந்தார். கர்ப்பிணிகளிடையே காணப்பட்ட ஒருவகைச் சோகை உணவுக் குறையால் வருவது என்று அவர் நிறுவினார். பின்னர் 1941-இல், பசலை வகைக் கீரையிலிருந்து பிரித்தெடுத்த சத்துக்கு, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைக் கொண்டு ‘போலிக் அமிலம்’ என்று பெயரிட்டனர்.

இச்சத்தும் இரும்பும் சேர்ந்த மாத்திரையை மூன்றாம் மாதத்துக்குப் பின் நாள்தோறும் ஒன்றாக 180 நாட்களும், பிரசவத்துக்குப் பின் 180 நாட்களும் உண்ண வேண்டும். மலம் கறுத்துப் போவதைக் கண்டு சிலர் இதை நிறுத்திவிடுகின்றனர், அது தீங்கற்றது. குமட்டினால் இரவு உணவுக்குப்பின் உண்ணலாம். சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடும், காப்பி தேநீரோடும் சேர்த்து உண்ணலாகாது. முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு ஆகியவற்றோடு எலுமிச்சையோ நெல்லியோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்கு ஏறும். கடற்கரை ஊராருக்கு நெத்திலியும் மத்தியும் கைக்கெட்டிய நல்லுணவுகள்.

வெறுங்காலுடன் ஈரமண்ணில் நடப்போரின் தோல் வழியே கொக்கிப்புழு புகுந்து, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். இதற்கு மருத்துவர் சொற்படி நான்காம் மாதத்துக்குமேல் ஒருமுறை புழுமருந்து தரப்படும். கழிப்பிடமும் காலணியும் இருந்தாலன்றி அது மீண்டும் வரும்.

இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும்

இருபதாம் வாரத்துக்குமேல் இரத்த அழுத்தம் 140/90-ஐ எட்டினால் அபாயம் தொடங்குகிறது. கால் வீக்கம் பலருக்கும் வருவதே. ஆனால் முகமும் கையும் வீங்குதல், ஓயாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி ஆகியன தோன்றினால் அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும். தாமதித்தால் வலிப்பு வரலாம். அதைக் காற்றுக் கருப்பு என எண்ணிப் பூசாரியைத் தேடுவதும், கையில் இரும்பைக் கொடுத்து நேரம் போக்குவதும் உயிருக்கு உலை வைப்பனவாகும். தாயை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல், 108 வண்டியை அழைக்க வேண்டும்.

கர்ப்பகாலச் சர்க்கரை வெளியே குறி காட்டாது, சோதனையால்தான் தெரியும். 75 கிராம் குளுக்கோஸ் அருந்திய இரண்டு மணி நேரத்துக்குப்பின் இரத்தத்தில் 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் நோய் உண்டு. இவ்வெளிய முறையைப் பரப்பியவர் சென்னை டாக்டர் வி. சேஷய்யா.

பிரசவத்துக்குப் பின்

பிள்ளை பெற்றபின் ஆறு வாரம் விழிப்பு வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் துணி நனைந்துவிடும் இரத்தப்போக்கு, குளிர்காய்ச்சல், துர்நாற்றமுள்ள கழிவு ஆகிய எதுவும் வீட்டு வைத்தியத்துக்கு உரியதன்று.

மார்பில் பால் கட்டினால் வெந்நீர் ஒற்றடமிட்டு, குழந்தைக்கு அடிக்கடி பால் கொடுக்க வேண்டும். நிறுத்தினால் கட்டு மிகும். மார்பு சிவந்து காய்ச்சலும் வந்தால் மருத்துவரைக் காண வேண்டும், அப்போதும் பாலூட்டலாம். காம்பில் வெடிப்புத் தோன்றினால், குழந்தை வாயை அகலத் திறந்து பற்றும்படி செவிலியரிடம் முறை கற்கலாம்.

பத்தியம் என்று பூண்டும் மீனும் தரும் நம் வழக்கம் நன்று. தண்ணீரையும் கீரையையும் மறுப்பது தீது. தாய் இரண்டு வாரத்துக்குமேல் காரணமின்றி அழுதாலும், குழந்தையை வெறுத்தாலும் அது திமிரன்று, நோயே. இதற்கும் மருத்துவம் உண்டு.

ஊராட்சி செய்யத்தக்கவை

1. கருவுற்றோர் அனைவரும் முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்தனரா என்பதை உறுப்பினர் தத்தம் வார்டில் அறிந்திருத்தல்.

2. வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீடு செல்லும்போது சோதனை விவரங்கள் எழுதிய ஏடும் உடன் செல்லுதல். திருப்போரூர்ப் பக்கத்துச் செவிலியர் அறிந்த சோகையைச் சதுரங்கப்பட்டினத்துச் செவிலியர் அறியாமற் போவது இந்த இடைவெளியில்தான். சேரும் ஊர்ச் செவிலியருக்கு முன்னரே சொல்லிவிடல் வேண்டும்.

3. இரவில் அழைத்தால் வரும் வண்டிகளின் எண்களை ஒவ்வொரு குப்பத்திலும், குடியிருப்பிலும் எழுதி வைத்தல்.

4. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் தொகை, கடனுக்குப் போகாமல் தாயின் உணவுக்கே செலவாக வேண்டும் என்று கிராம சபையில் ஆண்களுக்கு எடுத்துரைத்தல்.

ஏரிக் காவலுக்கு ஊர்கூடி முறை வைத்துக்கொண்ட மரபினர் நாம். அதே கருத்தோடு தாய்மாரையும் காப்போமாக.