முற்றத்து மணலில் எந்த மரம்?

கேள்வி: எங்கள் வீடு கற்பிட்டியில், கடலிலிருந்து கூப்பிடு தூரம். முற்றம் முழுக்க வெள்ளை மணல். எந்நாளும் பச்சையாக நின்று பூவும் தரும் நம் நாட்டு மரம் ஒன்று வைக்க ஆசைப்பட்டு, போன மாரியில் நாகமரக் கன்று நட்டேன். தளிர்த்தது. ஆடிக்குள் இலையோரமெல்லாம் கருகிப் பட்டுப்போனது. தண்ணீர் தவறாமல்தான் ஊற்றினேன். எங்கே பிழை விட்டேன்? இன்னொன்று வாங்கி நடட்டுமா?
- ஒரு வாசகி, கற்பிட்டி

பதில்: பிழை உங்களுடையதல்ல. 1986இல் தேசிய மரமானதிலிருந்து நாகமரத்தின் மேல் எல்லோருக்கும் ஓர் ஆசை. ஆனால் அது ஈர வலயத்து மரம். தம்புள்ளைப் பக்கம் நாமல் உயனவில் காடாகவே நிற்கிறதே என்பீர்கள். அங்கே உப்புக் காற்று இல்லையே! உங்கள் பக்கத்துத் தென்மேற்குக் காற்றின் வேகத்துக்கு மாம்புரிக் காற்றாலைகளே சாட்சி. அது அள்ளி வந்து இலையில் அப்பும் உப்புக்கு, வேரில் ஊற்றும் தண்ணீர் மருந்தாகாது. இன்னொன்று வாங்காதீர்கள்.

புன்னை வையுங்கள். நாகமரத்துக்கு உறவுதான்: அதே வெள்ளை இதழ், நடுவே மஞ்சள் கொத்து, வாசம். பூ சிறியது, ஆனால் கொத்துக் கொத்தாக வரும். எண்ணெய் தடவினாற்போன்ற தடித்த இலை உப்புக்கு அசையாது. காய் கடலில் மிதந்து கரையொதுங்கி முளைக்கிற சாதி. மணல் அதற்குத் தாய்வீடு. நற்றிணைப் பாட்டொன்றில், பெண்கள் விளையாட்டாக வெண்மணலில் அழுத்திவிட்டு மறந்துபோன புன்னைக் கொட்டை தானாக முளைக்கிறது. பிறகு பாலும் நெய்யும் ஊற்றி வளர்க்கிறார்கள். உங்கள் கன்றுக்கு அதெல்லாம் வேண்டாம்.

ஓட்டோடு புதைத்தால் முளைக்க 2 மாதம்கூடப் பிடிக்கும். பழுத்து விழுந்த காயின் சதையை நீக்கி, ஓட்டை மெல்லத் தட்டி உடைத்து, பருப்பைக் காயப்படாமல் எடுத்துப் பையில் ஊன்றுங்கள். மூன்று நான்கு கிழமையில் முளை தெரியும். பருப்பு நஞ்சு, பிள்ளைகள் வாயில் வைக்க விடாதீர்கள்.

மணலில் ஊற்றும் தண்ணீர் நில்லாமல் இறங்கிவிடும் என்பதால் குழியில்தான் கவனம் வேண்டும். 3 அடி ஆழம் வெட்டி, அடியில் பொச்சுமட்டைகளை உட்குழிவு மேலே பார்க்க இரண்டு அடுக்கு பரப்பி, மாட்டெருவும் மணலும் கலந்து மூடுங்கள். தென்னந்தோட்டக்காரர் செய்வதுதான், மட்டை ஈரத்தைப் பிடித்து வைக்கும். பை உரம் போடாதீர்கள். உங்கள் பக்கத்துக் கிணறுகள் ஆழமற்றவை, மணலில் போட்ட உரம் குடிதண்ணீருக்குள் போய்ச் சேரும். முதல் இரண்டு வருடக் கோடைக்குத் தண்ணீரும், தென்மேற்குப் பக்கம் ஒரு கிடுகுத் தட்டியும் போதும். சுவரிலிருந்தும் கிணற்றிலிருந்தும் 25 அடியாவது தள்ளி நடுங்கள். மரம் அகலமாகப் படரும், காய்க்கு வௌவால் வரும், தகரக் கூரையென்றால் இரவில் தூக்கம் கெடும்.

பூக்க ஏழெட்டு ஆண்டாவது ஆகும். அதுவரை பொறுக்க முடியாதென்றால் வேலியில் பூவரசங் கதியால் ஊன்றுங்கள். அதுவும் பச்சை மாறாது, மஞ்சள் பூ சீக்கிரம் வரும், காற்றையும் மறிக்கும். இந்த ஐப்பசி மழைக்குக் கதியாலை நட்டுவிடுங்கள். அடுத்த ஐப்பசிக்குள் பையிலுள்ள புன்னை முழங்கால் உயரம் வந்திருக்கும். அப்போது குழி வெட்டலாம்.