தலைக்கு மேல் ஒரு கேமரா: சட்டம் நமக்கு என்ன சொல்கிறது?



கல்யாண வீட்டிலும் திருவிழாவிலும் ட்ரோன் பறப்பதைப் பார்த்திருப்பீங்க. இப்போ வயலில் மருந்தடிக்கவும் வந்துவிட்டது. 15,000 மகளிர் குழுக்களுக்கு ட்ரோன் வழங்கும் 'நமோ ட்ரோன் தீதி' திட்டத்துக்கு மத்திய அரசு 2023-ல் ஒப்புதல் கொடுத்தது. ஆகவே ட்ரோன் நமக்கு எதிரி இல்லை. ஆனால் கூரை இல்லாத கீற்று மறைப்பில் ஒரு பெண் குளிக்கும்போது, அது தலைக்கு மேல் வந்து நின்றால்?

எது குற்றம்?

2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்ற சட்டம் நடைமுறையில் உள்ளது.

* பிரிவு 77: குளிக்கும்போதோ, கழிப்பிடத்தில் இருக்கும்போதோ ஒரு பெண்ணை மறைந்து பார்ப்பது, படம் எடுப்பது, அதைப் பரப்புவது குற்றம். முதல் தடவை 1 முதல் 3 ஆண்டு சிறை, அபராதம். மறுபடியும் செய்தால் 3 முதல் 7 ஆண்டு.
* பிரிவு 79: பெண்ணை அவமதிக்கும் எண்ணத்தோடு அவளுடைய அந்தரங்கத்தில் தலையிட்டால் 3 ஆண்டு வரை சிறை, அபராதம்.
* தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 66இ: அந்தரங்கப் படம் எடுத்தாலோ அனுப்பினாலோ 3 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

"வேடிக்கைக்குத்தான் அனுப்பினேன்" என்று சொல்லித் தப்ப முடியாது. வந்த படத்தை அடுத்தவருக்கு அனுப்புவதும் குற்றம்தான்.

என்ன செய்யணும்?

1. கல்லெறிந்து உடைக்காதீங்க. பிறர் பொருளைச் சேதப்படுத்தினீங்க என்று வழக்கு நம்ம மேலேயே திரும்பலாம், சாட்சியமும் போய்விடும்.
2. நாள், நேரம், எந்தத் திசையிலிருந்து வந்தது, எங்கே இறங்கியது என்று குறித்து வையுங்க. முடிந்தால் செல்போனில் படம் எடுங்க.
3. உடனடி உதவிக்கு 112, பெண்கள் உதவிக்கு 181, படம் இணையத்தில் பரவினால் 1930.
4. எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். "எங்க எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்பக் கூடாது. இந்தக் குற்றங்களில் பெண்ணின் புகாரைப் பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம், கேட்டு வாங்குங்க.

பாதிக்கப்பட்டவள் மேல் எந்தத் தப்பும் இல்லை. "வெளியே தெரிந்தால் மானம் போகும்" என்று அவளை அடக்கினால், எடுத்தவனுக்குத்தான் தைரியம் வரும். அவள் தனியாகப் போக வேண்டாம். குழுவிலிருந்து இரண்டு பேர் துணைக்குப் போங்க.

குழுக் கூட்டத்தில் பேச:

* நம்ம ஊரில் மேற்கூரை இல்லாத குளியலறை எத்தனை? ஊராட்சியில் மனு கொடுத்தோமா?
* நம்ம குழுவின் ட்ரோன் பதிவு செய்யப்பட்டு, அடையாள எண் வாங்கியாச்சா? 2021 ட்ரோன் விதிகள் இதைக் கட்டாயமாக்கியுள்ளன.