தொடை மரத்துப்போனால் ரத்தத்தைச் சோதியுங்கள்

சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் அம்மாவின் மைட்ரல் வால்வைக் கெடுத்துவிட்டது. அந்த இடத்தில் இப்போது இருப்பது சித்ரா வால்வு. அதைத் திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா நிறுவனம் உருவாக்கி, 1990இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தியது. வால்வில் ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க அசிட்ரோம் மாத்திரை.

ஈறில் ரத்தம் வந்தாலோ மலம் கறுத்தாலோ ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் ஒருமுறை அம்மாவுக்கு வெளியே ஒரு சொட்டுகூட வரவில்லை. வலது தொடையிடுக்கில் வலி. காலை மடக்கியே படுத்திருந்தாள், நீட்டினால் துடித்தாள். மும்பை அருகே டோம்பிவிலி கிழக்கில் எங்கள் கட்டடத்தில் எல்லோரும் வாயுப் பிடிப்பு என்றார்கள். மறுநாள் எழுந்து நடந்தபோது முட்டி மடங்கிச் சரிந்தாள். தொடையின் முன்பக்கம் மரத்துக் கிடந்தது.

ரத்தம் உறையப் பிடிக்கும் நேரத்தைக் காட்டும் அளவு ஐ.என்.ஆர். அம்மாவுக்கு மருத்துவர் வைத்த எல்லை 2.5 முதல் 3.5. அன்று அது 7ஐத் தாண்டியிருந்தது. வயிற்றுப்போக்குக்குச் சாப்பிட்ட மெட்ரோனிடசோல் அசிட்ரோமின் வேகத்தைக் கூட்டிவிட்டது. சி.டி. ஸ்கேனில் இடுப்பெலும்பின் உட்புறத் தசைக்குள் ரத்தக்கட்டு. அந்தத் தசையைப் போர்த்திய உறை விரிந்து கொடுக்காது. உள்ளே ரத்தம் சேரச் சேர, ஒட்டி இறங்கும் தொடை நரம்பு நசுங்குகிறது. முட்டியை நீட்டிப் பிடிப்பது அந்த நரம்புதான். ரத்தக்கசிவை நிறுத்த வைட்டமின் கே, பிளாஸ்மா, பிறகு பல மாதம் பிசியோதெரபி.

அதிலிருந்து எங்கள் வீட்டில் சில பழக்கங்கள். ஆன்டிபயாட்டிக், பூஞ்சை மருந்து, எது புதிதாகத் தொடங்கினாலும் அசிட்ரோம் எழுதும் மருத்துவரிடம் சொல்லி, சில நாளில் ஐ.என்.ஆர். பார்க்கிறோம். வலி மாத்திரையை நாங்களாக வாங்குவதில்லை. இடுப்பில் ஊசி போட வந்தால் தடுத்துக் கேட்கிறோம். அங்கே கசியும் ரத்தம் காலுக்குப் போகும் பெரிய நரம்பை அழுத்தலாம். வலிக்கிற இடத்தில் தைலம் தேய்த்து அமுக்குவதில்லை. வைட்டமின் கே உள்ள கீரையை விடவில்லை, வாரா வாரம் ஒரே அளவு. லோக்கல் ரயிலில் போனாலும் அம்மாவின் கைப்பையில் ஓர் அட்டை இருக்கும்: மாத்திரையின் பெயர், கடைசி ஐ.என்.ஆர்., கூடவே மராத்தியில் ‘ரக்த பாதள் கர்ணாரி கோளி’ (ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை).

பயந்துபோய் மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள், வால்வு அடைத்துக்கொள்ளலாம். எப்போது நிறுத்துவது, எப்போது திரும்பத் தொடங்குவது என்பதை இதய மருத்துவரே சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் மருத்துவர் அழுத்திச் சொன்னார். திடீர் முதுகுவலி, இரண்டு காலிலும் பலமின்மை, சிறுநீர் போகாமை என்றால் தண்டுவடத்தை ரத்தம் அழுத்துகிறதோ என்று பார்க்க வேண்டும். நள்ளிரவானாலும் எம்.ஆர்.ஐ. வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் சில மணி நேரத்துக்குள் நடக்க வேண்டும்.