காவலும் கண்ணோட்டமும்

நுழையும்முன்

சீருடையைக் கண்டதும் ஒருவருக்கு ஆறுதலும் மற்றொருவருக்கு அச்சமும் தோன்றுவது ஏன்? காவலர் செய்யும் நற்செயல், கடமைக்கு அப்பாற்பட்ட கொடையா? அல்லது கடமையின் உட்பொருளா? தமிழ் மரபும் அண்மைக்கால நிகழ்வுகளும் நாட்டின் சட்டமும் இவ்வினாவிற்குத் தரும் விடையை இப்பாடம் ஆராய்கிறது.

பழுவூரும் பாடிகாவலும்

அரியலூர் மாவட்டத்திலுள்ள கீழப்பழுவூர் சாலைகள் சந்திக்கும் ஊராகும். திருச்சிராப்பள்ளியிலிருந்து சிதம்பரம் செல்லும் நெடுஞ்சாலையும், தஞ்சாவூரிலிருந்து திருவையாறு வழியாக அரியலூர் செல்லும் சாலையும் இங்குக் கூடுகின்றன. சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள் இரவுபகலாக ஓடும் வழி இது. விபத்தில் அடிபட்டவர், வழி தவறிய முதியவர், பொருளைப் பறிகொடுத்த வெளியூர்ப் பயணி எனப் பலரும் இத்தகைய ஊரில் முதலில் நாடுவது காவல் நிலையத்தையே.

இவ்வூருக்குக் காவல் என்னும் சொல் புதியதன்று. ஆலந்துறையார் கோயில் அமைந்துள்ள இப்பகுதி, சோழர்க்கு உறுதுணையாக நின்ற பழுவேட்டரையர்களின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘பாடிகாவல்’ என்னும் சொல் பயின்று வருகிறது. ‘பாடி’ என்பது ஊர். ஊரைக் காப்பதற்கென மக்கள் செலுத்திய வரியைப் ‘பாடிகாவல்’ என்னும் சொல் குறித்தது. காவல் என்பது ஆள்வோர் இரங்கி அளித்த பரிசில் அன்று. மக்களின் பொருளால் மக்களுக்காக நடைபெற்ற பணி. இன்றும் அந்நிலை மாறவில்லை. எனவே, காவல் நிலையத்தின் வாயிலில் நிற்பவர் இரப்பவர் அல்லர். தமக்குரியதைக் கேட்க வந்தவர்.

இலக்கியம் காட்டும் இரு காவலர்

மதுரைக்காஞ்சி, மதுரை மாநகரின் ஊர்க்காப்பாளரைச் சிறப்பித்துப் பாடுகிறது. தெருவில் நீர் திரண்டோட, மழை பொழியும் நள்ளிரவிலும் அவர்கள் சோர்வின்றி எழுந்து, விருப்பத்தோடு வலம் வருகின்றனர். ஊர் உறங்குவதற்காக அவர்கள் உறங்காதிருக்கின்றனர்.

அதே மதுரையில் மற்றொரு காட்சியைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. பாண்டியனின் ஆராயாத ஆணையை ஏற்றுச் சென்ற காவலருள், கோவலனின் தோற்றத்தைக் கண்டு, இவன் கொலைக்குரிய கள்வனல்லன் என உணர்ந்தவரும் இருந்தனர். ஆயினும், பொற்கொல்லனின் சொல் மேலோங்கியது. அறிவிலாக் காவலன் ஒருவன் வாளை வீசினான். உணர்ந்தும் தடுக்காமையால் ஓர் உயிர் அழிந்தது, அரசும் வீழ்ந்தது.

திருவள்ளுவர், பிறரிடம் இரக்கம் கொண்டு நடத்தலாகிய ‘கண்ணோட்டம்’ என்னும் அதிகாரத்தை அறத்துப்பாலில் வைக்கவில்லை. பொருட்பாலின் அரசியலில் வைத்தார். அதுவும், மக்கள் அஞ்சத்தக்கவற்றைச் செய்யாமையைக் கூறும் ‘வெருவந்தசெய்யாமை’ அதிகாரத்தை அடுத்து வைத்தார். அதிகாரம் உடையவரிடத்துக் கண்ணோட்டம் என்பது தனிமனிதக் குணம் மட்டுமன்று; அஃது ஆட்சியின் இலக்கணம் என்பதே இவ்வைப்புமுறை உணர்த்தும் கருத்தாகும்.

தோளில் தாங்கிய காவல்

2021ஆம் ஆண்டு நவம்பர் மாதம் சென்னையில் பெருமழை பெய்தது. நவம்பர் 11ஆம் நாள், டி.பி.சத்திரம் காவல் நிலைய ஆய்வாளர் இராஜேஸ்வரி, கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் மழையில் நனைந்து மயங்கிக் கிடந்த இளைஞர் ஒருவரைக் கண்டார். இறந்துவிட்டார் எனக் கருதப்பட்ட அவரிடம் உயிர் இருப்பதை அறிந்ததும், அவரைத் தம் தோளில் தூக்கிச் சென்று ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்பினார். தமிழ்நாடு முதலமைச்சர் ஆய்வாளரை நேரில் அழைத்துப் பாராட்டினார். எனினும், அவ்விளைஞர் மருத்துவமனையில் உயிரிழந்தார்.

அதனால் அச்செயலின் மதிப்புக் குறையவில்லை. உயிர் இருக்கும்வரை ஒருவரைக் கைவிடக்கூடாது என்பதே அச்செயலின் பொருள். உயிர் பிழைத்தல் நம் கையில் இல்லை. உடன் நிற்றல் நம் கையில் உள்ளது.

எண் 166

நற்செயல் யாவும் நிழற்படத்தில் பதிவதில்லை. சில, கோப்புகளின் நடுவே ஆண்டுக்கணக்கில் நடைபெறுகின்றன. மும்பை அந்தேரியிலுள்ள டி.என்.நகர் காவல் நிலையத்தில் உதவித் துணை ஆய்வாளராகப் பணியாற்றியவர் இராஜேந்திர போஸ்லே. 2008 முதல் 2015 வரை அந்நிலையத்தில் பதிவான 166 காணாமற்போன சிறுமியரின் வழக்குகளில், அவரும் உடன்பணியாற்றியோரும் 165 பேரைக் கண்டுபிடித்தனர். 2013ஆம் ஆண்டு சனவரியில் காணாமற்போன ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி மட்டும் கிடைக்கவில்லை. 2015இல் பணி ஓய்வு பெற்ற பின்னும் போஸ்லே தேடலைக் கைவிடவில்லை. 2022ஆம் ஆண்டு ஆகஸ்டில், ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், அச்சிறுமி தாயிடம் சேர்ந்தாள்.

நூற்று அறுபத்தைந்து வெற்றிகளைக் காட்டி அவர் நிறைவடைந்திருக்கலாம். கணக்கில் 166 என்பது ஓர் எண். தாய்க்கு அது தன் மகள். எண்ணுக்குள் மனிதரைக் காண்பதே கண்ணோட்டம்.

உண்மை உரைத்தல்

பரிவினும் அரியது, தம்மவர் தவறு செய்யும்போது உண்மை உரைத்தல். 2020ஆம் ஆண்டு சூன் மாதம் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில், காவல் நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் உயிரிழந்தனர். விசாரணைக்கு வந்த நீதித்துறை நடுவரிடம், அந்நிலையத்தின் தலைமைக் காவலர் ரேவதி தாம் கண்டதைச் சாட்சியமாக அளித்தார். அச்சம் அவரைச் சூழ்ந்திருந்தது. ஆயினும் அவர் வாய்மூடவில்லை. அவருக்குப் பாதுகாப்பு அளிக்குமாறு உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட்டது. கோவலன்முன் நின்ற காவலர் உணர்ந்தும் தடுக்கவில்லை. ரேவதி கண்டதை உரைத்தார். சீருடைக்கு உண்மையாயிருத்தல் என்பது, சீருடை அணிந்தோர் அனைவரையும் காப்பாற்றுதல் அன்று. சீருடை எதற்காக அளிக்கப்பட்டதோ அதனைக் காப்பாற்றுதல் ஆகும்.

சட்டத்தின் குரல்

பரிவை அலுவலரின் மனநிலைக்கு மட்டும் விட்டுவிடாமல், சட்டமும் அதற்கு வடிவம் தந்துள்ளது. கைது செய்யக்கூடிய குற்றம் பற்றிய தகவல் கிடைத்தால், முதல் தகவல் அறிக்கையைப் பதிவு செய்வது கட்டாயம் என உச்சநீதிமன்றம் 2013இல் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்தது. 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் அத்தகைய தகவலை எக்காவல் நிலையத்திலும் அளிக்க வழிசெய்கிறது. விசாரணைக்காகப் பெண்களையும், பதினைந்து வயதுக்கு உட்பட்டோரையும், அறுபது வயதைக் கடந்தோரையும் அவர்தம் இருப்பிடத்தை விட்டு வேறிடத்திற்கு வருமாறு கட்டாயப்படுத்தலாகாது எனவும் அச்சட்டம் கூறுகிறது.

வெளிமாவட்டத்தில் பொருளை இழந்த பயணி கீழப்பழுவூரில் பேருந்தைவிட்டு இறங்கி முறையிட்டால், “எங்கள் எல்லை அன்று” என அவரைத் திருப்பி அனுப்ப இயலாது. இருக்கை தந்து, குடிநீர் தந்து, கூறுவதைக் கேட்டு எழுதிக்கொள்வது சிறு செயல்தான். ஆனால், அதன்பின் அவர் காவல் நிலையத்தை அஞ்சமாட்டார். நாளை குற்றமொன்றைக் கண்டால் தாமே முன்வந்து சாட்சி சொல்வார். மக்கள் அஞ்சி ஒதுங்கும் இடத்தில் குற்றவாளிக்கே பாதுகாப்பு மிகும்; மக்கள் நம்பி வரும் இடத்தில் காவலர் ஒருவருக்கு ஊரே கண்ணாக விளங்கும்.

காவலின் வலிமை, கையிலுள்ள கோலில் இல்லை. எளியவர் ஒருவர் நள்ளிரவிலும் தயங்காமல் படியேறி வரும் நம்பிக்கையில் உள்ளது. அந்நம்பிக்கையை நாள்தோறும் ஈட்டுவதே காவலரின் நற்பணி.

தெரிந்து தெளிவோம்

அவசர உதவி – 112
குழந்தைகள் உதவி – 1098
பெண்கள் உதவி – 181

சாலை விபத்தில் அடிபட்டவருக்கு நல்லெண்ணத்துடன் உதவுவோரை மோட்டார் வாகனச் சட்டத்தின் 134அ பிரிவு பாதுகாக்கிறது. இப்பிரிவு 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாகச் சேர்க்கப்பட்டது.

கற்பவை கற்றபின்

1. ‘வெருவந்தசெய்யாமை’, ‘கண்ணோட்டம்’ ஆகிய அதிகாரங்களைப் படித்து, அவை அடுத்தடுத்து அமைந்துள்ளதன் பொருத்தத்தை வகுப்பறையில் கலந்துரையாடுக.
2. மதுரைக்காஞ்சி காட்டும் காவலரையும் சிலப்பதிகாரம் காட்டும் காவலரையும் ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.
3. “உண்மை உரைத்தலும் கண்ணோட்டமே” – இக்கருத்தை ஏற்றோ மறுத்தோ உங்கள் வாதத்தை முன்வைக்க.
4. ஆசிரியருடன் அருகிலுள்ள காவல் நிலையத்திற்குச் சென்று, ஒரு புகார் பெறப்படுவது முதல் அதன்மீது நடவடிக்கை மேற்கொள்ளப்படுவது வரையிலான படிநிலைகளைக் கேட்டறிந்து தொகுக்க.