பழைய தையல் மெஷின் வாங்கலாமா?



பாலிடெக்னிக் ஆண்டு மலரில் தையல் மெஷினுக்கு என்ன வேலை என்று சிலர் சிரிக்கலாம். கிராங்க், கேம், ஃபோர் பார் மெக்கானிசம், ஃபிளைவீல் என்று பரீட்சைக்காக மனப்பாடம் செய்கிறோமே, அத்தனையும் ஒரே இடத்தில் ஓடுவதைப் பார்க்க வேண்டுமானால் கால்மிதி தையல் மெஷினைப் பாருங்கள். மிதிபலகை முன்னும் பின்னும் ஆடுகிறது. கிராங்க் அதைச் சுழற்சியாக மாற்றுகிறது. டெட் சென்டரில் நின்றுவிடாமல் தள்ளிவிடுவது கீழே உள்ள பெரிய சக்கரம். பாடப்புத்தகம் பல வீட்டுத் திண்ணையில் துணி மூடிக் கிடக்கிறது!

நுனியருகே துளையுள்ள ஊசியும், மேல்நூல் அடிநூல் இரண்டும் பின்னும் பூட்டுத் தையலும் கொண்ட மெஷினுக்கு அமெரிக்காவின் எலியாஸ் ஹோவ் 1846-ல் காப்புரிமை பெற்றார். ஐசக் சிங்கர் 1851-ல் தம் மெஷினுக்குப் பெற்றார். துணியை நகர்த்தும் பற்களை மேலே, முன்னே, கீழே, பின்னே என்று நான்கு அசைவில் இயக்கும் முறையை 1854-ல் தந்தவர் ஆலன் வில்சன். இன்றைய மெஷின்களிலும் இதே அடிப்படைதான். இயந்திர மோகத்தை எதிர்த்த காந்தியடிகளே 1924-ல் சிங்கர் தையல் மெஷினுக்கு விலக்கு அளித்துப் பேசினார்.

விஷயத்துக்கு வருவோம்

என் அக்கா ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை பார்த்தாள். ஒப்பந்தம் முடிந்து வீட்டில் இருக்கிறாள். தையல் கற்றவள். கையில் சீட்டுப் பணம் 6,000 ரூபாய். புது மெஷின் வாங்கினால் மொத்தமும் போய்விடும், அதற்கு மேலும் ஆகலாம். அந்த நேரத்தில் எனக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இன்பிளான்ட் டிரெய்னிங். அங்குள்ள உருக்காலைகளுக்குப் பழைய இரும்பு லாரி லாரியாக வரும் ஊர் அது. சாலையோரப் பழைய இரும்புக் கடை ஒன்றில் இரண்டு மெஷின்கள் ஸ்டாண்டோடு நின்றன.

ஒன்று தங்கப்பூ வேலை செய்த கறுப்பு சிங்கர். விலை 7,000. "ஸ்காட்லாந்து சரக்கு தம்பி, ஆண்டிக்!" என்றார் கடைக்காரர். இன்னொன்று பெயின்ட் உதிர்ந்த உஷா. விலை 3,500.

ஸ்காட்லாந்து என்பது பொய்யில்லை. கிளைட்பேங்க் என்ற ஊரில் சிங்கருக்குப் பெரிய தொழிற்சாலை இருந்தது. 1980-ல் மூடிவிட்டார்கள். அங்கே ரயில் நிலையத்துக்கு இன்றும் 'சிங்கர்' என்றுதான் பெயர். ஆனால் சிங்கர் மெஷின்கள் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் விற்றவை. பழசு என்பதாலேயே அபூர்வம் ஆகிவிடாது. 2009-ல் சவுதி அரேபியாவில் பழைய சிங்கருக்குள் 'ரெட் மெர்க்குரி' இருக்கிறது என்று வதந்தி கிளம்பி, ஜனங்கள் கண்மண் தெரியாமல் விலை கொடுத்தார்கள். அப்படி ஒன்றும் உள்ளே கிடையாது. நமக்கு வேண்டியது புதையல் அல்ல, ஜாக்கெட் தைக்க ஒரு மெஷின்.

எப்படிப் பரிசோதிப்பது?

1. கைச்சக்கரத்தை நம் பக்கமாகச் சுற்றுங்கள். இறுகி நின்றால் பயப்பட வேண்டாம். பலர் தேங்காய் எண்ணெய் விட்டு வைத்திருப்பார்கள். அது நாளடைவில் பிசினாகிவிடும். மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்துத் துடைத்து, பிறகு மெஷின் ஆயில் விட்டால் பெரும்பாலும் இளகும்.

2. பாடியில் விரிசல் இருக்கிறதா பாருங்கள். வார்ப்பிரும்பை வெல்டு செய்வது எவ்வளவு கஷ்டம் என்று ஒர்க் ஷாப்பில் படித்திருக்கிறோம். விரிசல் இருந்தால் வாங்காதீர்கள்.

3. ஊசித் தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் ஆடினால் புஷ் தேய்ந்துவிட்டது. தையல் விட்டு விட்டு விழும்.

4. ஷட்டிலைக் கழற்றி அதன் கூர்முனையைப் பாருங்கள். ஊசி அடிவரை இறங்கி, இரண்டு மில்லிமீட்டர் போல மேலே ஏறும்போது நூல் வளையம் உண்டாகும். அதைப் பிடிப்பது இந்த முனைதான். முனை மழுங்கினாலோ துருப்பிடித்தாலோ தையல் தவறும்.

5. உதிரிபாகம் கிடைக்குமா? முக்கியமான கேள்வி இது.

6. கடைசியாக இரண்டு மடிப்புத் துணி, பிறகு நான்கு மடிப்புத் துணி தைத்துப் பாருங்கள். இரு பக்கமும் தையல் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

என்ன முடிவெடுத்தோம்?

சிங்கர் நன்றாகச் சுழன்றது. விரிசலும் இல்லை. ஆனால் அதில் படகு போன்ற ஷட்டிலும் நீள பாபினும் இருந்தன. பாரிமுனையில் உதிரிபாகக் கடைக்காரரிடம் கேட்டேன். "அதுக்கு நாங்களே தேடணும் தம்பி. ரவுண்டு பாபின்னா இப்பவே எடுத்துக்கோ" என்றார். உஷாவில் ரவுண்டு பாபின். சிங்கரின் 15-ஆம் வகை அமைப்பை ஒட்டியது. ஊசியும் இன்று கடைகளில் கிடைக்கும் சாதாரண ஊசிதான்.

அக்காவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். "அந்தப் பூப்போட்டது எவ்ளோ அழகா இருக்குடா!" என்றாள். அம்மா சொன்னது ஒரே வார்த்தை: "அழகை மிதிச்சா ஜாக்கெட் வருமா?"

பிறகு கணக்கு போட்டோம். உஷா பேரம் பேசி 3,000. பெல்ட், பாபின் கேஸ், பாபின், ஊசி, ஆயில் 650. மொத்தம் 3,650. எங்கள் தெருவில் லைனிங் இல்லாத ஜாக்கெட்டுக்குக் கூலி 120. நூல், கொக்கி 20 போனால் மிச்சம் 100. ஆக 37 ஜாக்கெட்டில் போட்ட பணம் திரும்பும். ஒன்றுக்கும் ஆகாமல் போனாலும் 36 கிலோ இரும்பு, அன்றைய கடை விலை கிலோ 30 வீதம் 1,080 ரூபாய். எஸ்டிமேஷன் பாடத்தில் சால்வேஜ் வேல்யூ என்கிறோமே, அது இதுதான். உஷாவையே வாங்கினோம். மீதிப் பணம் அக்காவிடமே இருக்கிறது.

அதன் எல்லையையும் சொல்ல வேண்டும். அது நேர்த்தையல் மட்டுமே போடும். புடவைக்குப் பிக்கோ அடிக்க ஜிக்ஜாக் மெஷின் வேண்டும். கார்மென்ட்ஸ் கம்பெனிக்குப் போக நினைப்பவர்களுக்கும் இந்தப் பயிற்சி போதாது. அங்கே ஓடுவது நிமிஷத்துக்கு நாலாயிரம் தையல் போடும் பவர் மெஷின்.

இன்னொரு வழியும் உண்டு. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரம் வழங்கும் திட்டம் என்று தமிழக அரசின் திட்டம் இருக்கிறது. ஆதரவற்ற விதவைகள், கணவரால் கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள், ஏழைப் பெண்கள் விண்ணப்பிக்கலாம். தையல் தெரியும் என்பதற்குச் சான்று வேண்டும். உங்கள் வீட்டிலோ தெருவிலோ தகுதியுள்ளவர் இருந்தால், பணம் கொடுத்து வாங்குமுன் மாவட்ட சமூகநல அலுவலகத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

நண்பர்களே! பழைய மெஷின் எதுவானாலும், லேத்தோ, மோட்டாரோ, தையல் மெஷினோ, மூன்று கேள்வி கேளுங்கள். எந்தப் பாகம் தேயும்? அது கடையில் கிடைக்குமா? எத்தனை நாள் வேலையில் போட்ட பணம் திரும்பும்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு பேரம் பேசுங்கள். நம் வீடுகளில் சீட்டுப் பணம் சேர்வது ரொம்பக் கஷ்டம். அது வீணாகாமல் பார்த்துக்கொள்ளவும் நம் டிப்ளமா படிப்பு பயன்படட்டும்!