கருவிக்கு நாலு வரி எழுதுங்க, நண்பர்களே!



"புரோகிராம் ஓடுதுல்லா? அப்புறம் எதுக்கு டாக்குமென்டேஷன்?" ரெக்கார்டு நோட்டு எழுதும்போது நாம் எல்லோரும் கேட்கிற கேள்விதான் இது. நானும் கேட்டவன்தான். இந்த வருஷப் புராஜெக்டில் எனக்குக் கிடைத்த பதிலை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

நடந்தது என்ன?

தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி, நம்ம ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு. அதைத் தாண்டிய தண்ணீர் புன்னைக்காயல் கடலுக்குத்தான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம்மில் யார் மறக்க முடியும்? காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை! திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், சுமார் 800 பயணிகளோடு நம்ம ஸ்டேஷனிலேயே நின்றுவிட்டது. ஆகவேதான், "அணைக்கட்டுல எவ்வளவு தண்ணி போவுது?" என்று கேட்டால் தமிழில் பதில் சொல்லும் ஏ.ஐ. ஏஜென்ட் ஒன்றைப் புராஜெக்டாக எடுத்தோம்.

டெமோவுக்கு முந்தின நாள், மாதிரிக்கு 10,000 என்று ஒரு எண்ணைப் போட்டு வைத்தோம். எங்கள் மனசில் அது விநாடிக்கு 10,000 கன அடி. டீம் நண்பனின் தாத்தா, ஆற்றங்கரை விவசாயி, சும்மா கேட்டுப் பார்த்தார். ஏஜென்ட் சொன்ன பதில்: "விநாடிக்கு 10,000 லிட்டர் செல்கிறது."

தாத்தா முகம் மாறிவிட்டது. "ஏல, லிட்டரா, கன அடியா? இத நம்பி ஆட்ட ஆத்துக்குள்ள பத்திட்டுப் போயிருந்தா என்னலே ஆவும்?" என்றார்.

ஒரு கன அடி என்பது சுமார் 28.3 லிட்டர். அப்படியானால் சரியான பதில் 2,83,000 லிட்டர். 28 மடங்கு குறைத்துச் சொல்லியிருக்கிறது! புரோகிராமில் ஒரு பிழையும் இல்லை. அந்தக் கருவிக்கு நாங்கள் எழுதிய விளக்கம் மொத்தமே இதுதான்: "நீர் அளவைத் தரும்."

ஏஜென்ட் எதைப் படிக்கிறது?

மொழி மாடலுக்குத் தானாக அணைக்கட்டைப் பார்க்கத் தெரியாது. நாம் எழுதும் புரோகிராமை ஒரு கருவியாக அதன் கையில் கொடுக்கிறோம். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட எம்.சி.பி. எனும் பொது விதிமுறைப்படி, ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், வேண்டிய உள்ளீடுகளின் பட்டியல் ஆகியவை மாடலுக்குப் போகும். அவற்றைப் படித்துத்தான் எந்தக் கருவியை எப்போது கூப்பிடுவது என்று அது முடிவு செய்கிறது. உள்ளே நாம் எழுதிய கோடு அதன் கண்ணில் படுவதில்லை.

கடைக்குப் புதுசா வந்த பையன்கூட, "அண்ணாச்சி, இது கிலோவா, பாக்கெட்டா?" என்று கேட்பான். ஏஜென்ட் பல நேரம் கேட்காது. விட்ட இடத்தைத் தானே நிரப்பிவிடும். அதுவும் கொஞ்சமும் தயங்காமல்!

என்னென்ன எழுத வேண்டும்?

1. அலகு: கன அடியா, லிட்டரா, அடியா, மீட்டரா என்று உள்ளீட்டுக்கும் விடைக்கும் தனித்தனியே எழுதுங்கள். தேதிக்கும் இதே விதி. 03/04 என்பது ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ?

2. குறியீடு: வண்டி நம்பர் பிளேட்டில் 'டிஎன்' என்றால் தமிழ்நாடு. ரயில் ஸ்டேஷன் கோடில் அதே 'டிஎன்' தூத்துக்குடி! நமக்கு இடம் பார்த்துப் புரியும். ஏஜென்டுக்கு எழுதித்தான் புரிய வைக்க வேண்டும்.

3. எது செல்லும், எது செல்லாது: எங்கள் கருவியில் வடகால், தென்கால் விவரம் மட்டுமே உண்டு. மருதூர் கீழக்கால் பற்றிக் கேட்டால் முதலில் 0 என்று திருப்பி அனுப்பியது. ஏஜென்டோ, "கால்வாயில் தண்ணீர் இல்லை" என்று அறிவித்துவிட்டது! இப்போது, "இந்தக் கால்வாயின் விவரம் இல்லை, வடகால் அல்லது தென்கால் என்று கேட்கவும்" என்று திருப்பி அனுப்புகிறோம். பிழைச் செய்தியும் ஒரு பாடம்தான்.

4. எதற்குப் பயன்படுத்தக் கூடாது: "இது வெள்ள எச்சரிக்கை அல்ல" என்ற வரி இல்லாவிட்டால், ஏஜென்ட் அதையும் சொல்லக் கிளம்பிவிடும்.

5. படிப்பதா, மாற்றுவதா: விவரம் பார்க்கும் கருவியையும் விவரத்தை மாற்றும் கருவியையும் பிரித்து வையுங்கள். பெங்களூரின் ஜெரோதா நிறுவனம் 2025-ல் தன் பங்குச் சந்தைச் சேவைக்கு எம்.சி.பி. கொண்டுவந்தபோது, தானே நடத்தும் பதிப்பில் பங்கு வாங்கும், விற்கும் கருவிகளைச் சேர்க்கவில்லை. விளக்கம் என்பது பூட்டு அல்ல. ஆபத்தான வேலைக்குத் தனியே பூட்டு போட வேண்டும்.

எழுதினால் போதுமா?

போதாது. 1999 செப்டம்பரில் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயை நெருங்கியபோது அழிந்தது. விதிமுறைத் தாளில் நியூட்டன் கணக்கு என்றுதான் இருந்தது. தரையில் ஓடிய ஒரு மென்பொருள் பவுண்டு கணக்கில் கொடுத்துவிட்டது. எழுதியதும் ஓடுவதும் ஒன்றுதானா என்று சோதிக்க வேண்டும் நண்பர்களே. இருபது கேள்விகளை எழுதி, நம்ம ஊர்ப் பேச்சிலேயே கேட்டு, ஏஜென்ட் எந்தக் கருவியைக் கூப்பிடுகிறது, என்ன உள்ளீடு தருகிறது என்று பாருங்கள்.

முடிவுரை

அன்று இரவே எங்கள் விளக்கத்தை மாற்றினோம்: "ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தாண்டிச் செல்லும் நீரின் அளவைத் தரும். அலகு: விநாடிக்குக் கன அடி. அளந்த நேரமும் சேர்ந்து வரும். அதையும் பதிலில் சொல்லவும். இது வெள்ள எச்சரிக்கை அல்ல. அதற்கு மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைப் பார்க்கச் சொல்லவும்."

நாலே வரிதான். மறுநாள் டெமோவில் தாத்தா திரும்பவும் கேட்டார். "காலை 6 மணி அளவீட்டின்படி விநாடிக்கு 10,000 கன அடி, அதாவது சுமார் 2,83,000 லிட்டர்" என்றது ஏஜென்ட்.

"இப்பம் சரி. ஆடு கரையிலயே கெடக்கட்டும்," என்றார் தாத்தா.

எங்களுக்கு அதுதான் முதல் மார்க்!

- மூன்றாம் ஆண்டு கம்ப்யூட்டர் பிரிவு மாணவன்