வாடகை வீடு: கையெழுத்துக்கு முன் ஒரு கணக்கு



பணம் சேர்ப்பது தப்பா? இல்லவே இல்லை. அறம், பொருள், இன்பம், வீடு என்று நம் பெரியவர்கள் சொன்ன நான்கில் பொருளும் ஒன்று. திருக்குறளில் 'பொருள் செயல்வகை' என்று ஓர் அதிகாரமே இருக்கு. ஆனா வரிசையைக் கவனிங்க. பொருளுக்கு முன்னால அறம் நிற்குது. இந்த மாதப் பாடம் வாடகை வீடு வாங்கிச் செல்வம் சேர்ப்பது பற்றியது. இந்த வரிசை கடைசி வரை நமக்குத் தேவைப்படும்.

அக்கா கொண்டுவந்த படிவம்

என் அக்காவுக்கு 26 வயது. வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷமா சிக்கனமா இருந்து பணம் சேர்த்து வச்சிருக்காங்க. போன வருஷம் கூட வேலை செய்றவங்க கூப்பிட்டாங்கன்னு ஒரு ஹோட்டல்ல நடந்த இலவசக் கருத்தரங்குக்குப் போனாங்க. ராத்திரி திரும்பி வரும்போது கையில ஒரு படிவம், முகமெல்லாம் சிரிப்பு.

"தம்பி, கிள்ளான்ல அடுக்குமாடி வீடு, 850 சதுர அடி. விலை 3 லட்சம் வெள்ளி. 90 விழுக்காடு கடன் கிடைக்கும். 35 வருஷத்துக்கு மாசத் தவணை 1,228 வெள்ளி. வாடகை 1,300 வருது. வாடகைக்கு இருக்கிறவங்களே என் கடனைக் கட்டிடுவாங்க. மாசம் 72 வெள்ளி மிச்சம் வேற!"

அம்மாவும் அப்பாவும் தோட்டத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவங்க. அந்த வீடு கம்பெனியோடது. வேலை போனா வீடும் போகும். பிள்ளை பேர்ல ஒரு வீடு என்றதும் அம்மா கண் கலங்கிட்டாங்க. அந்த நேரத்தில் கால்குலேட்டரை எடுத்தவன் நான். அக்கா என்கூட இரண்டு வாரம் சரியா பேசல.

வாடகை வேறு, வருமானம் வேறு

பொறியியல் வகுப்பில் முதலில் சொல்லித்தருவது இதுதான்: இயந்திரத்துக்குள் போகிற சக்தி முழுசும் வேலையாக வெளியே வராது. வாடகையும் அப்படித்தான். மாதம் 1,300 வெள்ளியிலிருந்து என்னென்ன கழியும்?

பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு 30 காசு: 255 வெள்ளி. அதில் 10 விழுக்காடு சிங்கிங் ஃபண்ட்: ஏறக்குறைய 25 வெள்ளி. மதிப்பீட்டு வரியும் நில வரியும் வருஷத்துக்கு 500 வெள்ளி என்று வைத்தால், மாதம் 42. வருஷத்தில் ஒரு மாதம் வீடு காலியாக இருந்தால் அந்த இழப்பு மாதக் கணக்கில் 108. குழாய், ஏர்கான், சாயம் என்று பழுதுபார்க்க மாதம் 100 ஒதுக்கணும்.

மொத்தம் 530 வெள்ளி போச்சு. மீதி 770. தவணையோ 1,228. ஆக 72 வெள்ளி மிச்சம் இல்லை. மாதம் 458 வெள்ளி அக்கா கைக்காசு போகும்.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். மாதம் 770 என்றால் வருஷத்துக்கு 9,240 வெள்ளி. 3 லட்சம் வெள்ளி வீட்டுக்கு இது 3.08 விழுக்காடு. வங்கி கேட்கும் வட்டி 4.2 விழுக்காடு. 4.2க்குக் கடன் வாங்கி 3.08 சம்பாதிப்பது வியாபாரமா? வீட்டு விலை ஏறினால்தான் இந்தக் கணக்கு தேறும். ஏறலாம், ஏறாமலும் போகலாம். அது நம்பிக்கை, அதை வருமானக் கணக்கில் சேர்க்கக்கூடாது.

தவணையும் அப்படியே நிற்காது. பெரும்பாலான வீட்டுக்கடன்களுக்கு வட்டி மாறிக்கொண்டே இருக்கும். பேங்க் நெகாராவின் அடிப்படை வட்டி 2020 ஜூலையில் 1.75 விழுக்காடாக இருந்தது. 2023 மே மாதத்தில் 3 விழுக்காடு. அந்த 1.25 உயர்வு 2 லட்சத்து 70 ஆயிரம் வெள்ளிக் கடன் மேல் விழுந்தால், வருஷத்துக்கு 3,375 வெள்ளி கூடுதல் வட்டி.

நுழைவுச் செலவும் உண்டு. முன்பணம் 30,000. வீடு பெயர் மாற்றும் முத்திரை வரி முதல் ஒரு லட்சத்துக்கு 1 விழுக்காடு, அடுத்த நாலு லட்சம் வரை 2 விழுக்காடு. இந்த வீட்டுக்கு 5,000. கடன் பத்திரத்துக்கு 0.5 விழுக்காடு, 1,350. வழக்கறிஞர் கட்டணம் விற்பனை ஒப்பந்தத்துக்கும் கடனுக்கும் தலா 1.25 விழுக்காடு, ஏறக்குறைய 7,100. முதல் வீடு வாங்கும் குடிமக்களுக்கு முத்திரை வரி விலக்கு இருக்கு. ஆனா அந்தச் சலுகையை வாடகை வீட்டுக்குச் செலவழித்துவிட்டால், நாளைக்கு நாமே குடியிருக்க வாங்கும்போது அது கிடைக்காது.

"முன்பணமே வேண்டாம்"

இதையெல்லாம் சொன்னதும் அக்கா அடுத்த சீட்டை எடுத்தாங்க. "முன்பணம் இல்லாமலே வாங்கலாமாம். ஒப்பந்தத்தில் விலையை 3 லட்சத்து 35 ஆயிரம்னு எழுதுவாங்க. வங்கி அதில் 90 விழுக்காடு, 3 லட்சத்து 1,500 கொடுக்கும். நம்ம பாக்கெட்டிலிருந்து எதுவும் போகாது. எல்லாரும் செய்றாங்கடா."

முதலில் கணக்கு: கடன் கூடினால் தவணை 1,371 வெள்ளி. கழிவு எதுவும் பார்க்காமலே வாடகையைத் தாண்டிவிட்டது. அடுத்து அறம்: நடக்காத விலையை நடந்ததாக எழுதிக் கையெழுத்துப் போடுவது வங்கியிடம் சொல்லும் பொய். பிரச்சனை வந்தால் கருத்தரங்கில் பேசியவர் பெயர் அந்தப் பத்திரத்தில் இருக்காது. அக்கா பெயர்தான் இருக்கும்.

"எல்லாரும் செய்றாங்கன்னா, அவங்க தவணையையும் எல்லாரும் சேர்ந்து கட்டுவாங்களா அக்கா?" என்றேன். அக்கா பதில் சொல்லல. படிவத்தை மடித்து அலமாரியில் வைத்தாங்க.

அப்போ வாங்கவே கூடாதா?

வாங்கலாம். கணக்கு தேறும் வீட்டை வாங்கணும். பழைய நாலு மாடி வீடு ஒன்றையும் பார்த்தோம். விலை ஒன்றரை லட்சம், வாடகை 900. பராமரிப்பு 60, வரி 30, காலி மாதத்துக்கு 75, பழுதுக்கு 120 கழித்தால் மீதி 615. அதே வட்டியில் தவணை 614. லாபம் ஒரு வெள்ளிதான், ஆனா கைக்காசு போகல. கடனும் மாசாமாசம் குறையும். லிஃப்ட் இல்லை, பளபளப்பும் இல்லை. கணக்கு மட்டும் நேராக இருக்கு.

இரண்டு விஷயம் மறக்காதீங்க. வாடகை வருமானத்தை வருமான வரியில் காட்டணும். கடன் வட்டி, மதிப்பீட்டு வரி, பழுதுச் செலவு ஆகியவற்றைக் கழித்துக்கொள்ளலாம். ஆனா கடனின் அசலைக் கழிக்க முடியாது. தவணை கட்டத் தவறினால் அது சி.சி.ஆர்.ஐ.எஸ். பதிவில் தெரியும், அடுத்த கடன் கேட்கும்போது வங்கி அதைத்தான் முதலில் பார்க்கும்.

நாம் வீட்டுக்காரரானால்

முதலாம் ஆண்டில் நான் பல்கலைக்கழகம் பக்கத்தில் அறை தேடினேன். போனில் பேசும்போது அறை இருந்தது. பெயரைச் சொன்னதும் "ஆள் வந்தாச்சு" என்றார்கள். மறுவாரமும் அதே விளம்பரம் இருந்தது. உங்களில் பலருக்கும் இது நடந்திருக்கும்.

நாளைக்குச் சாவி நம் கையில் இருக்கும்போது அந்தப் போன் நினைவில் இருக்கட்டும். வருகிறவரின் வேலை என்ன, வாடகை கட்ட முடியுமா என்று கேளுங்க; இனத்தைக் கேட்காதீங்க. ஒப்பந்தத்தை எழுதி, முத்திரை வரி கட்டுங்க. வழக்கமாக வாங்கும் இரண்டு மாத வைப்புத்தொகை நம் பணம் அல்ல. அவர் வீட்டை ஒழுங்காக ஒப்படைத்தால் திருப்பிக் கொடுக்கணும். வாடகை பாக்கி என்று பூட்டை மாற்றி ஆளை வெளியே தள்ள முடியாது. 1950ஆம் ஆண்டு ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டப்படி அதற்கு நீதிமன்ற ஆணை வேண்டும்.

அக்கா இன்னும் வாங்கல. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் வீடு பார்க்கப் போகிறோம். இப்போ என்னைவிட வேகமாகக் கணக்குப் போடுறாங்க.

பயிற்சி

1. உங்கள் தாமானில் வாடகைக்கு வந்துள்ள ஒரு வீட்டைத் தேர்ந்தெடுங்கள். விலை, வாடகை, பராமரிப்புக் கட்டணம், வரி ஆகியவற்றைக் கேட்டு எழுதுங்கள்.
2. ஒரு காலி மாதத்தையும் பழுதுச் செலவையும் கழித்து, நிகர வருமானம் விலையில் எத்தனை விழுக்காடு என்று பாருங்கள். வங்கி வட்டியோடு ஒப்பிடுங்கள்.
3. குழுவில் பேசுங்கள்: கணக்கு தேறுகிறது, ஆனால் ஒரு பொய்க் கையெழுத்து வேண்டும் என்றால் என்ன செய்வீர்கள்?